தூண்டிலுக்கு ஒரு லைசென்ஸ்

என் பர்ஸில் இன்னமும் ஒரு கார்டு இருக்கிறது. கல்ஃபில் வேலை பார்த்தபோது அந்த ஊர் அரசாங்கம் எனக்குக் கொடுத்த மீன்பிடி லைசென்ஸ். காலாவதியாகி வருஷக்கணக்காகிறது. பொழுதுபோக்குக்கு மட்டும் மீன் பிடிக்கலாம், விற்கக் கூடாது, குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று கட்டுப்பாடுகள். கார்டில் இருக்கும் போட்டோவில் எனக்குத் தலை நிறைய முடி. அதற்காகத்தான் கார்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன் என்பாள் என் மனைவி.

பதினெட்டு வருஷம் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தேன். வெள்ளிக்கிழமை லீவு. ரூமில் இருந்த மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், வீட்டுக்கு போன் பேசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பார்கள். நான் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பாலத்துக்குப் போய்விடுவேன். ஆரம்பத்தில் இதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ரோந்து வந்த அதிகாரி ஒருநாள் பிடித்துக்கொண்டார். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பிவிட்டார் என்றாலும், வேலை போய்விடுமோ என்று அன்றைக்கு நான் நடுங்கிய நடுக்கம் இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு கையில் கார்டு இல்லாமல் நான் தூண்டில் முள்ளை நனைத்ததே இல்லை.

ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியபோது, தூண்டிலை பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி லக்கேஜோடு கொண்டுவந்தேன். எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். தென்னை, முந்திரி, கடலை. தோப்பும் வரவு செலவும் பதினெட்டு வருஷமாக என் மனைவியின் கையில். காய் வெட்டு எப்போது, உரம் எவ்வளவு, எந்த மோட்டார் எந்த மாதம் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் போய் யோசனை சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு தான் நினைத்ததையே செய்வாள். அதில் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வர பெரிதாக ஒன்றும் தேவையில்லை.

வந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வறண்ட ஊர்க் கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது, நான் வீட்டுக்குள் மேய்ந்தேன். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜைக் கழற்றி மாட்டினேன். அது அதற்கப்புறம் ஓடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் பழைய சூப்பர்வைசர் போன் போடுவார். “விசா ரெடியா இருக்குப்பா, ஒரு வார்த்தை சொல்லு” என்பார். நான் “பாக்குறேன்” என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் கூடும்.

மறு வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் வெளியே பாய்ந்தது. நான் குழாயைத் திறந்து தூண்டிலை எடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு ஊரில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. காலையில் காபி குடித்ததும் பச்சைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, காலி பெயிண்ட் வாளியோடு கலுங்குப் பக்கம் போய் உட்காருவேன். மீன் மாட்டினால் முள்ளை மெதுவாகக் கழற்றி, வாளியில் தண்ணீர் மொண்டு அதற்குள் விடுவேன். பழைய கார்டு சொன்ன நீளத்துக்குத் தூண்டில் கம்பில் கோடு போட்டு வைத்திருந்தேன். அளந்து பார்த்துவிட்டு, மீன் கொஞ்சம் தெளிந்ததும் வாளியைக் கண்மாய்க்குள் சாய்த்துவிடுவேன். கோட்டைத் தாண்டிய மீனுக்கும் அதே மரியாதைதான். கல்ஃப் ரூமில் சமைக்க இடம் கிடையாது என்பதால் அங்கேயும் எல்லாவற்றையும் விட்டுத்தான் பழக்கம். சூப்பர்வைசர் கூப்பிட்டால், “மீன் கடிக்குதுண்ணே, அப்புறம் பேசுவோம்” என்று சொல்ல ஆரம்பித்தேன். அடுப்படியும் அமைதியானது.

தை மாதத்தில் ஒருநாள் காலை, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கண்மாய்க்கு மீன் காவல் பார்க்கும் பெரியவர். பக்கத்துப் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி, யாரக் கேட்டுத் தூண்டி போடுறீங்க?”

“யாரக் கேக்கணும்? எங்க ஊரு கண்மாய்தானே.”

“கண்மாய் ஒங்க ஊருதான். மீனு ஏலத்துல போயிருக்குல்ல. குஞ்சு வாங்கி விட்டு, காவலுக்கு ஆளு போட்டு வளக்குறாங்க. இப்படிச் சொல்லாமக் கொள்ளாம வந்து ஒக்காந்தா அதுக்குப் பேரு என்ன?”

திருட்டு என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காது இரண்டும் சுட்டது. அந்நிய நாட்டில் அத்தனை வருஷம் கார்டு வைத்துக்கொண்டு மரியாதையாக மீன் பிடித்தவன், பிறந்த ஊரில் இத்தனை பேர் முன்னால் இப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று அழுகை கூட வந்தது.

“லைசென்ஸ் வாங்கப் போறேன்” என்று மனைவியிடம் சொன்னேன். “முறைப்படி ஒரு பேப்பர் வாங்குவேன். அது கெடைக்கலன்னா எனக்கு இந்த ஊர்ல என்ன வேல? அங்கிட்டே போயிருறேன்.”

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. “போய்ட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள். புதுக்கோட்டைக்குப் போவதைச் சொன்னாளா, கடல் கடந்து போவதைச் சொன்னாளா என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய், மீன்வளத்துக்கான அலுவலகத்தைத் தேடிப் பிடித்தேன். முன் மேஜையில் ஒரு அம்மா இருந்தார். நல்ல மனுஷி. உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

“லைசென்ஸ் எதுக்கு சார்? கடலுக்கா?”

“இல்லங்க, கண்மாய்க்கு.”

“எத்தன வலை?”

“வலை இல்லங்க. ஒத்தத் தூண்டி.”

“விக்கிறதுக்கா, வீட்டுக்கா?”

“ரெண்டுக்கும் இல்லங்க. புடிச்சிட்டு விட்டுருவேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “சார் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க” என்றார். நான் இரண்டாவது தடவையும் சொன்னேன். ஆதாரத்துக்குப் பர்ஸிலிருந்த கார்டை எடுத்துக் காட்டினேன். இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் போட்டோவையும் என் தலையையும் ஒப்பிட்டுப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

“இந்த மாதிரி கார்டு நம்ம ஊர்க் கண்மாய்க்கு நாங்க குடுக்குறதில்ல சார்” என்றார் அந்த அம்மா. “ஏலம் போன கண்மாய்னா, எடுத்தவரு சம்மதிச்சாப் போதும். ஆனா விதி எல்லாருக்கும் உண்டு. வெடி போடக் கூடாது, மருந்து கலக்கக் கூடாது. அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தின்னு ஒண்ணு இருக்கு, அத மட்டும் எந்தத் தண்ணியிலயும் விட்டுறாதீங்க. மத்த மீனையெல்லாம் தின்னு தீத்துரும். தடை செஞ்ச மீனு அது.” நான் எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொண்டேன். எழுதுவதைப் பார்த்து அவருக்கு என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது என்றே நினைக்கிறேன்.

ஏலம் எடுத்தவர் யாரென்று யூனியன் ஆபீசில் கேட்டேன். ஆலங்குடியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர் என்றார்கள். அன்று சாயங்காலமே ஒரு விண்ணப்பம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, போட்டோவும் ஒட்டினேன். ஒரு தூண்டில்தான் போடுவேன், வலையைத் தொட மாட்டேன், சின்ன மீனைத் திரும்ப விட்டுவிடுவேன் என்று நானே எனக்கு விதிகளும் எழுதிக்கொண்டேன். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்தான பேப்பரைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

மண்டிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கலுங்குகிட்ட ஒக்காருற ஆளா நீங்க? பச்சத் தொப்பி, வெள்ள வாளி?”

“ஆமாங்க.”

“நல்லதாப் போச்சு, நீங்களே வந்துட்டீங்க. வாளியில என்னத்தக் கொண்டாந்து ஊத்துறீங்க கண்மாய்ல? எங்க காவக்காரரு நாலு நாள் பாத்திருக்காரு. வாளியிலேர்ந்து மீனு துள்ளி விழுந்துச்சுன்னு சொல்றாரு. ஆப்பிரிக்கக் கெளுத்தியா? ஏலம் கெடைக்காதவங்க யாரும் சொல்லி விட்டாங்களா?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், “நான் புடிச்ச மீனத்தாங்க திரும்ப விடுறேன்” என்றேன்.

மண்டியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மண்டிக்காரர் சிரிக்கவில்லை. “புடிச்ச மீன யாருய்யா விடுவா?” என்றார்.

“நான் விடுவேன்யா!” என்று கத்தினேன். டைரியைக் காட்டியிருக்கலாம், கார்டைக் காட்டியிருக்கலாம். ஒன்றும் தோன்றாமல், விண்ணப்பத்தைக் கூட எடுக்காமல் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. சூப்பர்வைசர் கூப்பிட்டால் இந்தத் தடவை சரியென்று சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். தோப்பிலிருந்து வந்த மனைவி முதலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“என்ன நடந்துச்சு?”

சொன்னேன். இடையிடையே கத்தினேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, “எந்த மண்டி?” என்றாள். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அட கடவுளே. அவருதாங்க வருஷக்கணக்கா நம்ம தோப்புக் காய் எடுக்குறாரு! எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

புதுக்கோட்டை வரைக்கும் போய் நான் தேடிய ஆள், மாதம் தவறாமல் என் வீட்டு வாசலுக்கு லோடு ஆட்டோ அனுப்பிக்கொண்டிருந்தவர். அவருக்கு என் மனைவியைத் தெரியும், மரங்களைத் தெரியும். அந்த வீட்டில் நான் என்று ஒருவன் இருப்பதுதான் தெரியாது. இதைக் கேட்டு எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் போனை எடுத்தாள். “அண்ணே, நாளைக்கு காய் பாக்க ஆள விடாதீங்க. நீங்களே வாங்க. வரும்போது கண்மாய்க் காவக்காரரையும் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். என்னைப் பார்த்ததும் மண்டிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி காபியைக் கொடுத்துவிட்டு, “இவருதான் எங்க வீட்டுக்காரரு” என்றாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிப்பதா வேண்டாமா என்று தவித்தார்.

“தங்கச்சி, எனக்குத் தெரியாமப் போச்சு. ஆனா புடிச்ச மீன விடுறேங்குறாரு. அத எப்புடி நம்புறது?”

“எங்க மீன் சட்டியக் கேளுங்கண்ணே” என்றாள் என் மனைவி. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. “ஐப்பசியிலேர்ந்து தெனமும் தூண்டியத் தூக்கிட்டுப் போறாரு. இன்னக்கி வரைக்கும் ஒரு கெண்டைக் குஞ்சு இந்த வாசப்படி ஏறல. மீமிசல் கடக்கரையிலேர்ந்து வண்டியில வார மீன வாங்கித்தான் நான் கொழம்பு வக்கிறேன். தூண்டிக்காரரு பொண்டாட்டி மீனு வாங்க வந்துட்டான்னு தெருவே சிரிக்குது. விடாம இருந்தா அந்த மீனெல்லாம் எங்கண்ணே போயிருக்கும்?”

மண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றுகிறாளா, திட்டுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காவல்காரப் பெரியவர் மட்டும் விடவில்லை. “இருந்தாலும் ஊத்துனத நான் கண்ணால பாத்தேன் தங்கச்சி” என்றார். “அப்ப வாங்க, கரைக்கே போயிருவோம்” என்று என் மனைவி செருப்பை மாட்டினாள். நான் ஊருக்கு வந்த பிறகு அவள் கலுங்குப் பக்கம் வந்தது அன்றுதான்.

மூன்று பேர் பின்னால் நிற்க மீன் பிடிப்பது பெரிய தண்டனை. மாவு உருண்டையை முள்ளில் குத்திப் போட்டேன். தக்கை அசையவே இல்லை. பெரியவர் இரண்டு தடவை வெற்றிலை போட்டார். மண்டிக்காரர் போனைப் பார்த்தார். மனைவி மட்டும் என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். “கடிச்சிரும்” என்று ஒருமுறை தனக்குத் தானே சொன்னாள். அவளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தக்கை சட்டென்று முங்கியது. கம்பு வளைந்தது. நல்ல கட்லா. தூண்டில் நரம்பை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தேன். வழக்கம்போல முள்ளைக் கழற்றினேன், வாளியில் தண்ணீர் மொண்டு விட்டேன், கம்பை வைத்து அளந்தேன். கோட்டைத் தாண்டி நாலு விரல் நீளம் இருந்தது. மீன் தெளிந்து வாலை அடித்ததும் வாளியைச் சாய்த்தேன்.

“யோவ், விட்றாதீங்க!” என்று மண்டிக்காரர் தன்னை மறந்து தண்ணீருக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அது அவர் வளர்க்கும் மீன், அவர் கண்மாய்க்குள்ளேயேதான் போகிறது என்பது அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். “இதுதாங்க, இதத்தாங்க நான் பாத்தது. வாளிக்குள்ள போறத நான் பாக்கல, ஊத்துறத மட்டும் பாத்திருக்கேன்” என்றார்.

மண்டிக்காரர் செருப்பைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார்: “அண்ணே, சின்னத விடுறீங்க, சரி. இது பெரிய மீனு. இத ஏன் விட்டீங்க?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சமைக்க இடமில்லை என்று வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கலாம். ஏனோ உண்மை வந்துவிட்டது.

“அங்க இருந்தப்ப ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் ஊருக்கு வர முடியும். மீனத் தண்ணியில விடும்போது, நீயாச்சும் இன்னக்கே வீட்டுக்குப் போன்னு சொல்லி விடுவேன். மனசுக்கு நல்லா இருக்கும். அப்படியே பழகிப்போச்சு.”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவி காலியான வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“இப்பத்தான் நீங்களும் வீட்டுக்கு வந்துட்டீங்களே” என்றாள். “இனிமே ஒண்ணு ரெண்டையாச்சும் கூடக் கூட்டிட்டு வாங்க.”

மண்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து நான் விட்டுவந்த விண்ணப்பத்தை எடுத்தார். திருப்பிக் கொடுத்துவிடத்தான் கொண்டுவந்திருந்தாராம். கரையில் நிறுத்தியிருந்த வண்டியின் சீட்டில் வைத்து, என் விதிகளுக்குக் கீழே தன் கையால் எழுதினார். வளர்ப்பு மீன் மாட்டினால் விட்டுவிடவும். நாட்டு மீன் மாட்டினால் வாரம் ஒன்றாவது வீட்டுக்குக் கொண்டு போகவும். “இது தங்கச்சிக்காக” என்றார். எதுவரை செல்லும் என்று நான் கேட்டேன். என் கார்டில் தேதி இருக்குமே, அந்தப் பழக்கம். அவர் யோசித்துவிட்டு, “துண்டு வீசும் வரை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோடையில் தண்ணீர் வற்றி, ஏலக்காரர் மீனை எடுத்து முடித்த பிறகு, ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதற்கப்புறம் கண்மாய் ஊருக்கே பொது. வலையோடும் கூடையோடும் சனம் மொத்தமும் உள்ளே இறங்கிவிடும். அன்றைக்கு யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை.

மண்டிக்குப் போய் ரப்பர் ஸ்டாம்பு குத்தி அனுப்பி வைத்தார். தென்னை மரம் போட்ட முத்திரை என் போட்டோவின் வழுக்கையில் பாதி விழுந்திருக்கிறது. லேமினேஷன் போட்டு, பர்ஸில் அந்தப் பழைய கார்டுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இன்றுவரை அதை யாரும் காட்டச் சொன்னதில்லை. நானாகத்தான் காவல்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறேன். “தெரியும் தம்பி, உள்ள வைங்க” என்கிறார்.

கரையிலிருந்து திரும்பிய அன்று மதியம், கொல்லையில் குந்தி உட்கார்ந்து நான் ஒரு விரால் மீனை ஆய்ந்துகொண்டிருந்தேன். கட்லாவுக்குப் பிறகு மண்புழுவுக்கு மாட்டிய நாட்டு மீன். சாம்பல் போட்டுத் தேய்த்தும் கைக்குள் நிற்காமல் வழுக்கியது. இத்தனை மீன் பிடித்தவனுக்கு ஒரு மீனை ஆயத் தெரியவில்லை என்று மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே போன் அடித்தது. வெள்ளிக்கிழமை. என் கையெல்லாம் செதிலும் சாம்பலும். அவள் போய் எடுத்தாள்.

“நல்லா இருக்கோம்ணே. நீங்க நல்லா இருக்கீங்களா?” என்றாள். “அவரு கொல்லையில மீனு ஆஞ்சுக்கிட்டு இருக்காரு.”

அந்தப் பக்கம் சூப்பர்வைசர் விசா விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கட்டிலில் கிடந்த பாஸ்போர்ட் உள்ளே போகிறது என்று தெரிந்தது. பிறகு பீரோவைச் சாத்தும் சத்தம்.

“இல்லண்ணே, வேற ஆளப் பாத்துக்கங்க” என்றாள். “அவருக்கு இங்கயே லைசென்ஸ் கெடைச்சிருச்சு.”